எத்தனை முறை: ஒன்று

எங்கள் ஆபீஸில் எல்லோரும் எல்லோரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் அங்கே அசல் மச்சான் ஒருவர் இருக்கிறார். என் மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், பெண்ணைக் கொடுக்கச் சொல்லி வீட்டில் மன்றாடியவரும் அவர்தான். அதனால் இரண்டு இடத்திலும் அவரை எதிர்த்துப் பேசும் தெம்பு எனக்கு வந்ததில்லை.

நாங்கள் செய்வது மருந்து ஏற்றும் பம்ப். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் மாட்டியிருக்கும், செங்கல் அளவுப் பெட்டி. மேலே தொங்கும் பையிலிருந்து மருந்து ஒரு கண்ணாடிக் குமிழில் சொட்டி, குழாய் வழியே இதற்குள் இறங்கும். உள்ளே ஒரு மோட்டார் அந்தக் குழாயைப் பிசைந்து பிசைந்து, டாக்டர் சொன்ன வேகத்தில் நோயாளியின் கைக்கு அனுப்பும். மோட்டார் நின்றால் மருந்தும் நின்றுவிடும். அப்படி நின்றால் பெட்டி ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்த வேண்டும். கத்துவது அதன் வேலையில் பாதி.

மச்சான் எழுதுவது அதன் டிரைவரை. பெட்டிக்குள் யாருக்கு என்ன கிடைக்கும் என்று பங்கு பிரிக்கிற மூல நிரலுக்குக் கெர்னல் என்று பெயர்; அந்தக் கெர்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு மோட்டாரோடு பேசுகிற நிரல் அது. அதைக் கெடுத்துப் பார்ப்பது என் வேலை. உறவுக்காரர்கள் கூடுகிற இடத்தில் யாராவது கேட்டால் "மச்சான் கட்டுவார், நான் இடிப்பேன், ரெண்டு பேருக்கும் ஒரே இடத்தில் சம்பளம்" என்று சொல்லிவிடுவேன். சிரிப்பார்கள். மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

இடிப்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. டிரைவருக்கு ஒவ்வொரு சின்ன வேலைக்கும் கொஞ்சம் மெமரி வேண்டும். கெர்னலிடம் கையை நீட்டும், கெர்னல் கொடுக்கும். கேட்டபோதெல்லாம் கொடுத்துப் பழகிய கெர்னல் ஒருநாள் 'இல்லை, போ' என்று சொன்னால் டிரைவர் என்ன செய்யும்? மறுபடி கேட்குமா, கத்துமா, இல்லை ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துவிடுமா? அந்த நாள் தானாக வரட்டும் என்று காத்திருக்க முடியாது. அதனால் கெர்னலைப் பொய் சொல்ல வைப்போம். கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லச் சொல்வோம். எப்படிப் பொய் சொல்ல வேண்டும் என்பதற்குச் சில எண்கள் உண்டு. நூறு தடவை கேட்டால் எத்தனை தடவை மறுப்பது, யார் கேட்டால் மறுப்பது, மொத்தம் எத்தனை முறை மறுத்துவிட்டு நிறுத்திக்கொள்வது. அந்தக் கடைசி எண்ணில் மைனஸ் ஒன்று என்று போட்டால், நிறுத்தவே வேண்டாம், சொல்லிக்கொண்டே இரு என்று அர்த்தம்.

இந்த எண்களை டிரைவர் எழுதியவரே கொடுத்துவிடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவருக்குத்தானே தெரியும் என்று யாரோ புண்ணியவான் ஆரம்பத்தில் முடிவு செய்துவிட்டார். அடிவாங்க வேண்டியவனையே போய் நல்ல பிரம்பாகப் பார்த்து எடுத்துவரச் சொல்கிற கதைதான். நாங்கள் ஓட விட்டு, மாலையில் பாஸா பெயிலா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம். இந்த வழக்கத்தின் மேல் எனக்கு முதலிலிருந்தே எரிச்சல். ஆனால் அதை யார் காதில் போட்டேன், என்னை யார் கேட்டார்கள்?

புது பம்ப் சந்தைக்குப் போய் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த வெர்ஷனைச் சோதிக்கும் வேலை எனக்கு வந்தபோது, பழைய சோதனையின் லாக்கை, நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் பதிவை, ஒரு பார்வை பார்க்கலாம் என்று திறந்தேன். கெர்னல் ஒவ்வொரு பொய்க்கும் லாக்கில் ஒரு வரி எழுதிவைக்கும். பக்கம் பக்கமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு வரிதான் இருந்தது. வேறு நாள் லாக்கைத் திறந்தேன். அதிலும் ஒரே வரி. மச்சான் கொடுத்த எண்கள் இருக்கும் அமைப்புப் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். நூற்றுக்கு எத்தனை: நூறு. எத்தனை முறை: ஒன்று.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. டிரைவர் கண் விழிக்கும்போதே மெமரி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க மச்சான் அப்படி வைத்திருக்கிறார். அதற்கு அதுதான் சரி. பார்த்து முடித்ததும் மாற்ற மறந்துவிட்டார். சோதனை ஆரம்பிக்கும். டிரைவர் எழுந்தவுடன் கை நீட்டும். கெர்னல் ஒருமுறை பொய் சொல்லும். டிரைவர் சமர்த்தாக மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்த இடத்தை மச்சான் அருமையாக எழுதியிருந்தார். அத்தோடு பொய்க் கணக்கு தீர்ந்தது. அதற்குப் பிறகு நாள் முழுக்க கெர்னல் பரம யோக்கியன். நாங்கள் கெடுக்கவே கெடுக்காத ஒரு பெட்டியை, எவ்வளவு கெடுத்தாலும் கெடாது என்று சொல்லி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி வைத்திருக்கிறோம்.

அதே பெட்டி ஒன்றை மேஜையில் வைத்து, தண்ணீர்ப் பையை மாட்டி ஓட விட்டேன். நூற்றுக்கு ஒன்று என்று வைத்தேன். எத்தனை முறை என்பதற்கு மைனஸ் ஒன்று. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் குமிழில் சொட்டுவது நின்றுவிட்டது. பெட்டி கத்தவில்லை. திரையில் பச்சை விளக்கு, 'ஓடுகிறது' என்ற எழுத்து. உள்ளே போன மருந்தின் அளவு ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டு போகவில்லை, அது பாட்டுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது.

நிரலில் ஒரே ஒரு இடம். மோட்டாருக்கு அடுத்த சுற்றைச் சொல்ல மெமரி கேட்கிறது, கிடைக்கவில்லை. 'தோற்றுவிட்டேன்' என்று அந்தப் பகுதி ஒழுங்காகத்தான் திருப்பிச் சொல்கிறது. அதைக் கூப்பிட்ட பகுதிதான் பதிலைக் காதில் வாங்காமல், சுற்றியாயிற்று என்று மேலே சொல்லிவிடுகிறது. அதன் பிறகு மோட்டாரை எழுப்புவார் யாருமில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். எதைச் சொன்னாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார், அதனால் அவர் பெயரே ஆகட்டும் சார். நான் காட்டியதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நீயே கழுத்த நெரிச்சுட்டு, ஐயோ மூச்சு நின்னுபோச்சுன்னு வந்து நிக்கறியேப்பா."

"சார், நெரிச்சா என்ன ஆகும்னு பாக்கறதுதான் சார் இந்த டெஸ்டே."

"வெளியில எங்கயாவது நின்னிருக்கா? ஒரு புகார் வந்திருக்கா?"

"நின்னா அதுக்கே தெரியாது சார். லாக்ல ஓடுச்சுன்னுதான் இருக்கும்."

"அப்போ ஓடிச்சுன்னுதானே அர்த்தம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன். "அணைக்காம நாள்கணக்கா ஓடிட்டே இருந்தா மெமரி துண்டு துண்டா ஆகிடும் சார். கேட்ட அளவு ஒரே துண்டாக் கிடைக்காது. நான் பொய்யா சொல்ல வச்சத அன்னைக்குக் கெர்னல் நிஜமாவே சொல்லும்."

"என்னைக்கு?"

"அதச் சொல்ல முடியாது சார்."

"தேதி சொல்ல முடியாத விஷயத்துக்கு, வித்த பெட்டியெல்லாம் திரும்ப எடுன்னு நான் மேல போய் நிக்க முடியுமா? ஆகட்டும். அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம்." தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

மனைவியிடமிருந்து போன் வந்தது அப்போதுதான்.

"என்னங்க, அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். ரெண்டு நாளா காய்ச்சல்னு படுத்திருந்தாங்கல்ல, அது ரத்தத்துல கலந்துடுச்சாம். பிரஷர் எறங்கிட்டே இருக்காம். அது எறங்காம பிடிச்சு வைக்க ஏதோ மருந்து ஏத்தறாங்க. மருந்து விடாம போயிட்டே இருந்தா பயமில்லைன்னு டாக்டர் சொல்றாரு." மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவள் குரலில் லேசாக ஒரு தெம்பு வந்தது. "உங்க ஆபீஸ் மெஷின்தாங்க வச்சிருக்காங்க. உங்க மேஜையில பாத்திருக்கேன்ல, அதே. பாத்ததும் எனக்குப் பாதி பயம் போயிடுச்சு."

வரேன் என்று மட்டும் சொன்னேன்.

நீளமான வார்டு. இரண்டு பக்கமும் கட்டில்கள். ஜன்னல் பக்கம் வெயில் தரையில் விழுந்திருந்தது. பினாயில் வாடை. அத்தை இரண்டாவது கட்டிலில் தலையணையில் புதைந்து கிடந்தார். பேச்சு மட்டும் குறையவில்லை.

"வாங்க மாப்ள. ஆபீஸ விட்டுட்டு எதுக்கு வந்தீங்க? சாப்டீங்களா?"

நான் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குமிழைப் பார்த்தேன். சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவர வேண்டும் என்று மனைவி கிளம்பினாள். "நீங்க இருக்கீங்கல்ல" என்று போகும்போது என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

சிஸ்டரைத் தேடிப் போனேன். இந்த பம்பை மாற்றி வேறு ஒன்று வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏன் சார், கத்துதா?"

"கத்தல. அதான் பிரச்சினை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க எல்லாக் கட்டில்லயும் இதேதான் சார். பழசெல்லாம் கழிச்சுக் கட்டிட்டு மொத்தமா இதையே வாங்கிட்டாங்க. நல்ல மெஷின் சார். எங்களத் தொந்தரவே பண்றதில்ல."

நான் கட்டிலுக்குத் திரும்பி வந்து, பட்டன்களை அழுத்தி சர்வீஸ் பக்கத்தைத் திறந்தேன். அதன் ரகசிய எண் எனக்குத் தெரியும். பெட்டி கடைசியாக எப்போது அணைக்கப்பட்டது என்று அதில் இருக்கும். மாட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட இல்லை. ஒரு நோயாளியிடமிருந்து கழற்றி அப்படியே அடுத்த நோயாளிக்கு மாட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு முறை அணைத்துப் போட்டால் மெமரி முழுசாக வந்துவிடும். விரல் பட்டனுக்குப் போவதற்குள் சிஸ்டர் ஓடி வந்துவிட்டார்.

"சார்! கைய எடுங்க! மருந்து ஓடறப்ப நிறுத்தினா என்னாகும்னு தெரியுமா உங்களுக்கு? அம்மாவுக்கு பிரஷர் சட்டுனு விழுந்துடும்."

"தெரியும் சிஸ்டர். அதனாலதான் சொல்றேன். இது தானா நின்னுபோகலாம், நின்னாலும் ஓடறதாக் காட்டும். நான் இந்தக் கம்பெனிலதான் வேலை பாக்கறேன்."

"கம்பெனிக்காரரா? அப்போ கம்பெனிலேர்ந்து எழுதி வாங்கிட்டு வாங்க. டாக்டர் பாத்துட்டு சொன்னா நான் நிறுத்தறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயப்படறீங்க, புரியுது. நான் ரவுண்ட்ஸ் வரப்பல்லாம் பிரஷர் பாக்கறேன்ல?"

சிஸ்டர்மீது தப்பே இல்லை. வார்டு முழுவதையும் ஒண்டியாளாகப் பார்த்துக்கொள்கிறார். ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பதை இந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றுதான் எங்கள் விளம்பரத்திலேயே போட்டிருக்கிறோம்.

மச்சான் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், போர்வையை இழுத்துவிட்டார். பம்பைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "நம்ம பெட்டி" என்றார். நான் அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். லேப்டாப்பை ஜன்னல் திண்டில் வைத்து லாக்கைத் திறந்து காட்டினேன்.

முதலில் மழுப்பினார். "இது வேற டெஸ்ட்டோட லாக்கா இருக்கும் மாப்ள." அடுத்ததைத் திறந்தேன். அதற்கு அடுத்ததையும் திறந்தேன். அமைப்புப் பக்கத்தைத் திறந்தபோது அவர் உதடுகள் அசைந்தன. "எத்தனை முறை, ஒன்னு" என்று சின்னப் பையன் பாடம் வாசிக்கிற மாதிரி வாசித்தார். அப்புறம் அந்த இடத்தை, பதிலைக் காதில் வாங்காத அந்த ஒரே இடத்தைக் காட்டினேன். சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிடாத மாப்ள."

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். சரிசெய்ய இரண்டே வரி. பதிலைப் பார், தோற்றிருந்தால் கத்து. எழுதி முடித்தார். ஆனால் அந்த இரண்டு வரியைப் பெட்டிக்குள் போட முடியாது. கம்பெனியின் முத்திரை பதியாத நிரலைப் பெட்டி ஏற்றுக்கொள்ளாது. கண்டவனும் கை வைத்துவிடக் கூடாது என்று அந்தப் பூட்டையும் மச்சான்தான் எழுதினார். அதை உடைக்க முடியுமா என்று நான் நாள்கணக்கில் முட்டி மோதிப் பார்த்திருக்கிறேன். உடையாது. அதில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறோம்.

"நான் ஆபீஸ் போறேன். ஆகட்டும் சார் கால்ல விழுந்தாவது முத்திரை வாங்கிட்டு வரேன். இல்லன்னா ஒரு லெட்டராவது எழுதி வாங்கறேன். நீ அம்மாவ விட்டு நகராத. குமிழையே பாத்துட்டு இரு. நின்னா ஓடிப்போய் சிஸ்டரக் கூப்புடு."

ஆயிரக்கணக்கில் சோதனை, முத்திரை, பூட்டு எல்லாம் போட்டு, கடைசியில் ஒரு மனுஷன் உட்கார்ந்து சொட்டைப் பார்க்க வேண்டும் என்பதில் வந்து நிற்கிறது எங்கள் தொழில். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்து மச்சானின் போன் வந்தது. வராந்தாவுக்குக்கூட எழுந்து போகாமல் அங்கேயே எடுத்தேன்.

"ஒத்துக்க மாட்டேங்கறாரு மாப்ள. ஒரு ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்தா எல்லா ஆஸ்பத்திரிக்கும் குடுக்கணும்ங்கறாரு. எங்கம்மாதான் சார் படுத்திருக்காங்கன்னு சொல்லிட்டேன். 'ஆகட்டும்ப்பா, அம்மாவுக்கு ஒன்னும் ஆகாது, மனச விட்றாத'ங்கறாரு." அவர் குரல் உடைந்தது. "மேல இருக்கறவரப் பாக்கலாம்னு வெளியில உக்காந்திருக்கேன். மீட்டிங்ல இருக்காராம்."

"இருங்க மச்சான். இங்க சொட்டிட்டுதான் இருக்கு."

"பாத்துட்டே இரு."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். அவருக்கும் அதே மாதிரி மருந்து, அதே பெட்டி. அவர் மனைவி தையல் வேலை செய்பவர் என்று அத்தை அதற்குள் விசாரித்து வைத்திருந்தார். அந்த அக்கா வந்ததிலிருந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டிக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மெஷினை நம்பி விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். கண் சிவந்து, இமை ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இப்படிக் கண்ணு முழிச்சுக் கெடந்தா நீ படுத்துடுவ. அப்புறம் அவர யாரு பாக்கறது? அது என்ன மெஷின்னு நெனச்ச? அதுக்குள்ள இருக்கற மூளைய எழுதினதே என் மகன்தான். சரியா வேலை செய்யுதான்னு அடிச்சு ஒடச்சுப் பாத்து அனுப்பறது இதோ, எங்க மாப்ள."

அக்கா குமிழிலிருந்து முதல் தடவையாகக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "நெசமாவா தம்பி?"

"அந்தக் கம்பெனிதான்க்கா."

"நின்னுபோனா கத்தும்ல?"

அத்தை பெருமை பொங்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அக்கா என்ன செய்வார்? என்னைப் போலவே சிஸ்டரிடம் போவார். எல்லாம் இதே மெஷின்தான் என்ற பதிலோடு திரும்பி வருவார். அத்தைக்கும் தெரிந்துவிடும், தன் மகன் எழுதியது தன் பக்கத்தில் எப்படி நிற்கிறது என்று. விழுந்துகொண்டிருக்கும் பிரஷரோடு அதையும் தாங்குவாரா? அதோடு அவர்களுக்கு ஒரு வழியும் காட்ட முடிந்தால் சொல்லலாம். ஒரு வழியும் இல்லை.

"நீங்க தூங்குங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

"மகராசனா இருப்பா" என்றார். காலை நீட்டி, புருஷனின் கட்டில் ஓரத்தில் தலையை வைத்தார். வைத்த உடனே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் ஸ்டூலை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அத்தையின் குமிழ் இடப்பக்கம், பெரியவருடையது வலப்பக்கம். ஒன்றைப் பார்த்தால் மற்றது கண்ணில் படவில்லை. இங்கே ஒரு சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டு அங்கே திரும்புவேன். அங்கே விழும்வரை காத்திருக்கும்போதே இங்கே என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கழுத்து வலித்தது. கண்ணீர் வந்தது, துடைத்தால் ஒரு சொட்டு தவறிவிடும் என்று துடைக்கவில்லை.

அத்தை தலையைத் திருப்பி, எதிர் வரிசையில் கவலையோடு உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "இந்தாம்மா, நீயும் ஏன் முழிச்சிட்டுக் கெடக்க? இங்க பாரு, எங்க மாப்ள..."